வாழ்வும் வாணிபமும்: கையிலுள்ள காசுக்கு ஒரு பாய்மரப் படகு

இராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோரச் சிற்றூர் ஒன்றிலிருந்து வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வயது இருபத்து நான்கு. ஐந்து ஆண்டுகளாகப் பிறருடைய வள்ளத்தில் பங்குக்கு ஆளாகச் சென்று வருகிறார். வாப்பா மவ்த்தாகி விட்டார்கள்; வீட்டில் உம்மாவும் மணமாகாத தங்கையும். சிறுகச் சிறுகச் சேர்த்த தொகை கையில் இருக்கிறது. பக்கத்து ஊர்க் கரையில் பாயுடன் கூடிய பழைய வள்ளம் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. ஆனால் கேட்கும் விலைக்கும் சேர்த்த பணத்திற்கும் இடையே துண்டு விழுகிறது. அந்தத் துண்டை நிரப்பத் தம் நகையைக் கழற்றித் தர உம்மா ஆயத்தமாக இருக்கிறார்கள். மீன் வியாபாரி ஒருவர் முன்பணம் தருவதாகச் சொல்கிறார். கூட்டாளிகளோ, "இந்தக் காலத்தில் பாய் எதற்கு? கடன் வாங்கி இயந்திரம் பூட்டிய படகாகவே எடுத்துவிடு" என்கிறார்கள். எது ஹலாலான வழி, எது நட்டமில்லாத வழி என்று கேட்டிருக்கிறார்.

இந்தப் பகுதியில் பெரும்பாலும் கடை, பட்டறை, வெளிநாட்டு வேலை பற்றியே எழுதி வருகிறோம். கடலை நம்பியிருக்கும் நம் சமுதாயக் குடும்பங்களை மறந்தே போகிறோம். மேடை ஏறினால் காயல்பட்டினத்தில் வந்திறங்கிய அரபுக் குதிரைகளையும், கீழக்கரை வள்ளல் சீதக்காதியின் கப்பல்களையும் பேசாமல் நாம் இறங்குவதில்லை. அதே கரையில் சொந்தப் படகில்லாமல் கூலிக்குப் போகும் பிள்ளைகளைப் பற்றிப் பேச மட்டும் நேரம் கிடைப்பதில்லை. ஆகவே இம்மாதப் பக்கங்கள் முழுவதையும் இக்கடிதத்திற்கே ஒதுக்குகிறேன்.

முதலில் கூட்டாளிகள் சொல்லும் யோசனையைப் பார்ப்போம். இயந்திரம் வேகம் தரும். காற்றில்லாத நாளிலும் கரை சேர்க்கும். அதை மறுப்பதற்கில்லை. ஆனால் முதற்படகு வாங்குபவனுக்கு இயந்திரம் ஒரு பெரிய வாய். டீசல் கேட்கும், உதிரிப் பாகம் கேட்கும், மீன் படாத நாளிலும் கேட்கும். பாய் கேட்பதெல்லாம் காற்றுத்தான். அதற்கு வாடகை கிடையாது. கரையிலிருந்து குறிப்பிட்ட தூரத்திற்குள் விசைப்படகுகள் மீன் பிடிக்கலாகாது என்று 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் விதித்திருக்கிறது. அந்த எல்லைக்குள் நண்டு வலையும் செவுள் வலையும் போட்டுத் தொழில் செய்யச் சிறு பாய்மர வள்ளமே போதும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலமும் விசைப்படகுகளுக்குத்தான். நாட்டுப் படகுகள் அந்நாட்களிலும் கடலுக்குப் போகலாம், மீனுக்கும் நல்ல விலை கிடைக்கும். ஆகவே, தம்பி, நல்ல உடலுள்ள வள்ளத்தைப் பாயோடு வாங்குங்கள். பின்னாளில் கையில் பணம் சேரும்போது அதே வள்ளத்தில் இயந்திரம் பூட்ட இயலுமா என்பதை மட்டும் இப்போதே ஓடாவியிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பணம். இங்கேதான் குடும்பங்கள் கவிழ்கின்றன. கடலில் கவிழ்வதைக் காட்டிலும் அதிகமாக.

மீன் வியாபாரியின் முன்பணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு வட்டி இல்லை என்பார். அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் கடன் தீரும்வரை பிடிக்கும் மீனையெல்லாம் அவரிடமே கொடுக்க வேண்டும். அவர் சொல்வதே விலை. அதிலும் கழிவு பிடித்துக்கொள்வார். கொடுத்த கடனைக் காட்டி ஓர் ஆதாயத்தைப் பெறுவது வட்டியின் இனத்தைச் சேர்ந்ததே என்பது நம் இமாம்கள் கொண்டிருக்கும் அடிப்படை. பெயரில் வட்டி இல்லாமலிருப்பதால் மட்டும் அது தூய்மையாகிவிடாது. மார்க்கத்தைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு வெறும் கணக்காகப் பார்த்தாலும், பத்து ஆண்டுகள் மீன் கொடுத்த பிறகும் அந்த முன்பணத்தின் அசல் அப்படியே நிற்பதைக் கரையோரம் எங்கும் காணலாம். படகு உங்கள் பெயரில் இருக்கும்; அதன் மீனோ அவர் கையில் இருக்கும்.

உம்மாவின் நகை வேறு செய்தி. பெற்ற தாய் கழற்றிக் கொடுப்பது ஈரத்தால்தான். ஆனாலும் அந்த நகை அவர்களுடைய தனிச் சொத்து. பெண்ணின் மஹரும் நகையும் அவளுக்கே உரியவை. கணவனானாலும் மகனானாலும் அவற்றில் கை வைக்க அவளுடைய முழு மனச்சம்மதம் வேண்டும். அதைக் கொண்டு போய் வங்கியிலோ அடகுக் கடையிலோ வைத்து வட்டிக்குப் பணம் எடுப்பது கூடாது. வட்டியும் ஏறும், நகையும் மூழ்கும். அவர்கள் மனமுவந்து கொடுப்பதாயின் ஒரு பகுதியை விற்றுவிடுங்கள். விற்ற தொகை அன்பளிப்பா, கடனா, படகில் ஒரு பங்கா என்பதை அன்றே தெளிவாகப் பேசி எழுதிக்கொள்ளுங்கள். "உம்மாவுக்கும் மகனுக்கும் இடையே எழுத்தா?" என்று சிரிப்பார்கள், சிரிக்கட்டும். கடனை எழுதி வைக்கவும் சாட்சி வைக்கவும் கட்டளையிடுகின்ற வசனம்தான் திருமறையிலேயே மிக நீண்ட வசனம்; பகரா அத்தியாயத்தின் 282-ஆவது வசனம். மேலும், இந்தக் குடும்பத்தில் மணமாக வேண்டிய ஒரு பெண்ணும் இருக்கிறாள். நாளை அவளுக்கென்று நகையைத் தேடும்போது, அது படகில் போனது என்ற வாய்ச்சொல்லைவிடப் படகில் உம்மாவுக்கு இத்தனை பங்கு என்ற எழுத்து அவளுக்கு உதவும்.

இன்னும் துண்டு விழுந்தால், நம்பிக்கையான ஒருவரைக் கூட்டாளியாக்கிக் கொள்வது முன்பணத்தைவிட எவ்வளவோ மேல். படகின் உரிமை யாருக்கு எத்தனை பங்கு, பழுதுச் செலவு யாருடையது, ஒருவர் விலக நினைத்தால் மற்றவருக்கே முதலில் விற்க வேண்டுமா என்பனவற்றை உள்ளூர் ஆலிம் ஒருவரை வைத்து எழுதிக்கொள்ளலாம். கர்ழன் ஹஸனா கொடுக்கும் பைத்துல்மால் உங்கள் ஊரில் இருந்தால் அதன் கதவையும் தட்டிப் பாருங்கள்.

கையிலுள்ள முழுத் தொகையையும் படகின் விலையாகக் கொட்டிவிடாதீர்கள். எடுத்துக்காட்டாக, 1,00,000 ரூபாய் இருக்கிறதென்றால் 65,000-க்கு மேல் விலை பேச வேண்டாம் என்பது என் கருத்து. பழைய படகு வாங்கிய மறுவாரமே ஏதேனும் ஒரு பலகை, ஒரு கயிறு, ஒரு சுக்கான் கொண்டி என்று செலவு வைக்கும், அதற்கு 20,000. எஞ்சியது மீன் படாத நாட்களில் வீட்டு உலைக்கு. அந்த எஞ்சிய தொகை இல்லாதவன்தான் இரண்டாம் மாதமே வியாபாரியின் திண்ணையில் போய் நிற்கிறான்.

இனிப் படகைப் பார்க்கச் செல்வோம். தனியாகப் போகாதீர்கள். விற்பவருக்கு உறவோ கடமையோ இல்லாத ஓர் ஓடாவியை, அவருக்குரிய கூலியை நீங்களே கொடுத்து, அழைத்துச் செல்லுங்கள். தரகர் அழைத்து வரும் ஓடாவி தரகருக்கே ஓடாவி.

மரப் படகானால் புதுச் சாயத்தைக் கண்டு மயங்கக் கூடாது. விற்பதற்கு முன் சாயம் பூசுவது வழக்கம்தான்; ஆனால் ஓரிடத்தில் மட்டும் சாயம் தடித்திருந்தால் அங்கே எதையோ மூடியிருக்கிறார்கள். சிறிய கத்தியின் முனையால் நீர்மட்டத்திற்குக் கீழுள்ள பலகைகளை ஆங்காங்கே குத்திப் பாருங்கள். நல்ல மரம் முனையைத் தடுக்கும். உளுத்த மரம் உள்வாங்கும். கடற்புழு துளைத்த பலகை வெளியே ஊசித் துளைபோல் தெரியும். உள்ளே தேன்கூடாக இருக்கும். அடியில் நீளவாட்டில் ஓடும் ஏராக்கட்டையைக் குனிந்து படுத்தே பார்க்க வேண்டும்; கரையில் ஏற்றி இறக்கும்போது தேய்வதும் பிளப்பதும் அதுதான். பின்பு படகுக்குள் இறங்கி, விலா எலும்புகளைப்போல் வளைந்து நிற்கும் வங்குக் கட்டைகளைப் பாருங்கள். அவை பலகையோடு சேரும் இடத்தில் ஆணியைச் சுற்றிச் செந்நிறக் கறை வழிந்திருந்தால் ஆணி துருப்பிடித்து இற்றுவிட்டதென்று பொருள். ஒரு பலகை கெட்டிருந்தால் மாற்றலாம். அது பேரத்திற்கு உதவும். ஏராக்கட்டையும் வங்குகளும் கெட்டிருந்தால், இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

நீர்க்கசிவைப் பற்றிப் பலரும் தவறாகக் கணிக்கிறார்கள். பல மாதங்கள் வெயிலில் கிடந்த மரப் படகைக் கடலில் இறக்கினால் முதல் நாள் நீர் ஒழுகத்தான் செய்யும். உலர்ந்த பலகைகள் சுருங்கி இடைவெளி விட்டிருக்கும். நீரில் ஊறியபின் பருத்து இடைவெளியை அடைக்கும். எனவே முதல் நாளே ஒழுகுகிறதென்று நல்ல படகைத் தள்ளிவிடவும் வேண்டாம். "ஊறினால் சரியாகிவிடும்" என்ற விற்பவரின் சொல்லை அப்படியே விழுங்கவும் வேண்டாம். இரண்டு மூன்று நாள் நீரில் கிடக்கட்டும். ஒவ்வொரு நாளும் இறைக்கும் நீரின் அளவு குறைந்து வருகிறதா என்று பாருங்கள். குறையாவிட்டால் பலகைச் சந்துகளில் பஞ்சும் குங்கிலியமும் வைத்து அடைக்கும் கலப்பத்து வேலை முழுவதும் புதிதாகச் செய்ய வேண்டியிருக்கும். அந்தச் செலவை விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

இந்த மூன்று நாளைக் குறிக்கும்போது நம் மார்க்கச் சட்டத்தின் அழகு நினைவுக்கு வருகிறது. கொள்வோரோ கொடுப்போரோ நிபந்தனை இட்டு, மூன்று நாட்கள்வரை பேரத்தை உறுதி செய்யவோ முறிக்கவோ உரிமை வைத்துக்கொள்ளலாம் என்று ஷாஃபிஈ, ஹனஃபீ இரு மத்ஹபுகளும் கூறுகின்றன. கடைத்தெருவில் நாம் இதைக் கைவிட்டுவிட்டோம். பழைய படகுக்கு இதைவிடப் பொருத்தமான சட்டம் வேறில்லை. விலையை முடிவு செய்து, மூன்று நாள் தவணை என்று எழுதி, படகை நீரில் இறக்குங்கள். அந்நாட்களில் சேதம் நேர்ந்தால் யார் பொறுப்பு என்பதையும் முன்பே ஆலிமிடம் கேட்டுப் பேசிவிடுங்கள்.

அந்நாட்களில் பாயை விரித்து ஓட்டிப் பார்ப்பதுதான் முக்கியம். காற்று மிதமாக வீசும்போது சுக்கானை லேசாகப் பிடித்தாலே படகு நேராக ஓட வேண்டும். இரு கைகளாலும் ஓயாமல் இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தால் மரமோ பாயோ இடம் மாறியிருக்கிறது. பாய்மரத்தில் நீளவாட்டில் மெல்லிய வெடிப்புகள் இருப்பது மரத்தின் இயல்பு. குறுக்குவாட்டில் ஒரு கீறல் இருந்தாலும் அது ஒரு புயல் நாளில் ஒடியும். மரம் அடியில் ஊன்றியிருக்கும் குழியைத் தொட்டுப் பாருங்கள். மழைநீர் தேங்கி முதலில் உளுப்பது அந்த இடம்தான். பாயின் தையலை நகத்தால் நெம்பிப் பாருங்கள், வெயிலில் இற்ற நூல் உடனே தெரிந்துவிடும். கயிறுகளின் முறுக்கைப் பிரித்து உட்புறம் பாருங்கள், பொடி உதிர்ந்தால் மாற்ற வேண்டியதுதான். பாயும் கயிறும் மாற்றக்கூடியவை. அவற்றுக்காக நல்ல உடலை விட்டுவிட வேண்டாம்.

ஃபைபர் படகுகளும் பாயோடு விலைக்கு வருவதுண்டு. 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் அவசர அவசரமாகக் கட்டி வழங்கப்பட்டவற்றுள் மெல்லிய உடலுடையனவும் இருந்தன என்பதை நினைவில் கொள்ளுங்கள். நாணயத்தால் தட்டிக்கொண்டே போனால், கணீரென்ற ஒலி மங்கி மத்தென்று ஒலிக்கும் இடத்தில் அடுக்குகள் பிரிந்திருக்கின்றன.

விற்பவருக்கும் ஒரு சொல். இதைப் படிப்போரில் பழைய படகை விற்க நினைப்பவரும் இருக்கலாம். மதீனாக் கடைத்தெருவில் நபி (ஸல்) அவர்கள் தானியக் குவியல் ஒன்றினுள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டதும், மக்கள் பார்க்கும்படி ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று அவர்கள் கடிந்துகொண்டதும், ஏமாற்றுபவரைத் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்று சொன்னதும் நாம் அறிந்த ஹதீஸ். உளுத்த பலகையின் மேல் சாயம் பூசுவது அந்த ஈரத்தை மூடுவதுதான். தானியம் கெட்டால் ஒருவேளைச் சோறு போகும். பலகை கெட்டால் நான்கு பேருடைய உயிர் போகும்.

"உள்ளது உள்ளபடி விற்கிறேன், பின்னால் எந்தக் குறைக்கும் நான் பொறுப்பல்ல" என்று ஒரு வரி எழுதி வாங்கிவிட்டால் தப்பித்துக்கொள்ளலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்துப்படி, அத்தகைய நிபந்தனை கால்நடைகளில் விற்பவரே அறியாத உட்குறைக்கு மட்டும்தான் பயன்படும். படகு போன்ற பொருளின் குறையிலிருந்து அது அவரை விடுவிக்காது. ஹனஃபீ மத்ஹபில் அந்நிபந்தனைக்கு இடமுண்டு. ஆயினும் அறிந்த குறையை மறைத்த பாவம் எந்த மத்ஹபிலும் நீங்காது. வாங்குபவரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பழைய குறை ஒன்று தெரியவந்தால் உடனே திருப்பிக் கொடுக்க முனைய வேண்டும். பருவம் முழுவதும் தொழில் செய்துவிட்டு ஆறு மாதம் கழித்து வந்து நிற்பவருக்கு ஷாஃபிஈ சட்டத்தில் அந்த உரிமை கிடையாது.

அச்சாரம் கொடுக்கும்போதும் எச்சரிக்கை வேண்டும். பேரம் முறிந்தால் கொடுத்த அச்சாரம் திரும்பாது என்ற ஏற்பாடு நம் நாட்டில் வழக்கமாகிவிட்டது. ஹன்பலீ மத்ஹபு அதை அனுமதித்தாலும் நம் இரு மத்ஹபுகளிலும் அது கூடாது. கொடுத்த தொகை விலையில் ஒரு பகுதி, பேரம் நடக்காவிட்டால் திரும்ப வேண்டும் என்றே எழுதுங்கள்.

காகிதங்களை நேரில் பார்க்காமல் பணம் எண்ணாதீர்கள். மீன்வளத் துறையின் பதிவு யார் பெயரில் இருக்கிறது, படகின் பக்கத்தில் எழுதிய எண்ணும் பதிவிலுள்ள எண்ணும் ஒன்றா, பெயர் மாற்றத்திற்கு விற்பவர் அலுவலகத்திற்கு உடன் வருவாரா என்பனவற்றைக் கேளுங்கள். உரிமையாளர் இறந்துபோய் மகன் விற்கிறாரென்றால் மற்ற வாரிசுகளின் கையெழுத்தும் வேண்டும். அவர்களில் பெண் மக்களை விட்டுவிடுகிறார்கள், அதுவே பின்னால் வழக்காகிறது. மன்னார் வளைகுடாப் பக்கத்தில் இன்னொரு விசாரணையும் தேவை. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகள் 1986-ஆம் ஆண்டு கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 2001-ஆம் ஆண்டில் கடல் அட்டையும் பாதுகாக்கப்பட்ட உயிரினப் பட்டியலில் சேர்ந்தது. இத்தகைய வழக்கில் சிக்கிய படகை அரசு பறிமுதல் செய்ய முடியும். மலிவாகத் தள்ளிவிடத் துடிக்கும் படகின் பின்னால் அப்படியொரு வழக்கு நிலுவையில் இருக்கலாம். ஊர்ப் பெரியவர்களிடமும் அக்கரையில் தொழில் செய்யும் வேறு சம்மாட்டிகளிடமும் விசாரியுங்கள். வியாபாரி எவருடைய முன்பணமாவது அந்தப் படகின் மேல் நிற்கிறதா என்பதையும் கேளுங்கள். படகோடு கடனும் கைமாறுவது அங்கே புதிதல்ல.

தம்பிக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். இனி ஊர் ஜமாஅத்துகளிடம் ஒரு விண்ணப்பம்.

வெள்ளிக்கிழமை தோறும் நம் வீடுகளில் கஹ்ஃபு அத்தியாயம் ஓதப்படுகிறது. அதில் மூஸா (அலை) அவர்களும் கிழ்று (அலை) அவர்களும் ஏறிச் சென்ற படகின் வரலாறு வருகிறது. அந்தப் படகுக்கு உரியவர்கள் கடலில் உழைக்கும் மிஸ்கீன்கள் என்று அல்லாஹுத்தஆலா கூறுகின்றான். படகு சொந்தமாக இருந்தும் அவர்களை மிஸ்கீன்கள் என்று குறிப்பிட்டதிலிருந்தே, ஏதோ ஓர் உடைமையும் வருவாயும் இருந்தும் தேவைக்குப் போதாதவர் மிஸ்கீன் என்று ஷாஃபிஈ இமாம்கள் சட்டம் எடுத்தார்கள். ஹனஃபீ இமாம்கள் இவ்வசனத்திற்கு வேறு விளக்கம் தந்து, மிஸ்கீன் என்பவர் ஏதுமற்றவர் என்றார்கள். நம் கடற்கரை ஊர்கள் பெரும்பாலும் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுபவை. தொழில் தெரிந்த ஏழைக்கு அவனுடைய தொழிற்கருவியை வாங்கும் அளவுக்கு, அதன் விலை குறைவானாலும் கூடுதலானாலும், ஜகாத்திலிருந்து கொடுக்கலாம் என்று ஹிஜ்ரி 676-இல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) தம் அல்மஜ்மூஉ நூலில் எழுதியிருக்கிறார்கள். கடல் தெரிந்தவனுக்குப் படகுதானே கருவி?

ரமளானில் நூறு பேருக்குக் கைலியும் சேலையும் வழங்கும் செல்வர்கள், ஓர் ஆண்டில் ஒரே ஒரு குடும்பத்திற்காவது ஒரு பழைய வள்ளத்தை, அல்லது அதன் விலையில் துண்டு விழும் பகுதியையாவது, ஜகாத்திலிருந்து கொடுத்துப் பார்க்கட்டும். ஹனஃபீ ஜமாஅத்துகள், பெறுபவரிடம் நிஸாப் அளவு சேமிப்பு இருக்கிறதா என்பதைத் தம் ஆலிம்களிடம் கேட்டுக்கொண்டு கொடுக்கலாம். இருந்தால் கர்ழன் ஹஸனாவாகத் தரலாம். கொடுக்கப் போகும்போது பைத்துல்மால் பொருளாளர், வெள்ளைச் சட்டை அழுக்கானாலும் பரவாயில்லை என்று, ஓடாவியையும் கூட்டிக்கொண்டு ஏராக்கட்டைக்கு அடியில் குனிந்து ஒருமுறை பார்த்துவிட்டு வரட்டும்.